துண்டறிக்கையும் குண்டர் சட்டமும்

ஏற்காட்டின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் காக்பர்னிலிருந்து தொடங்குவார்கள். சேலம் கலெக்டராக இருந்த அவர்தான் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். காடு தோட்டமானது. அந்தத் தோட்டங்களில் பழம் பறித்த பெண்களின் பெயர்கள் அந்த வரலாற்றில் இல்லை. பிறகு மேட்டூர் மால்கோ ஆலையின் அலுமினியத்துக்காக இதே மலையில் பாக்சைட் வெட்டினார்கள். மலையிலிருந்து எடுத்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. மண்ணுக்காகப் பேசிய பெண்களின் பெயர்களை நாம் காவல்துறையின் கோப்புகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அப்படிப் பதிவான பெயர்களில் ஒன்று வளர்மதி. சேலம் மாவட்டத்துக்காரர், பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை படித்தவர். 2017இல் அவர் கைதானது தன் ஊர் மலைக்காக அல்ல, தொலைவிலிருந்த வயல்களுக்காக. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துத் திரண்டார்கள். ஜூன் இறுதியில் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசியின் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, அங்கும் போராட்டம் மூண்டது. இவ்விரு ஊர்களுக்கும் ஆதரவாக, ஜூலை 12 அன்று சேலம் அரசு மகளிர் கலைக் கல்லூரி அருகே வளர்மதி துண்டறிக்கை விநியோகித்தார். கைது செய்யப்பட்டார். சில நாட்களில் அவர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது. அவர்மீது ஏற்கெனவே வழக்குகள் உண்டென்று சொல்லி, முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையில் இந்த நடவடிக்கையை நியாயப்படுத்தினார்.

1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை நாம் குண்டர் சட்டம் என்று சுருக்கிச் சொல்கிறோம். அதன் முழுப்பெயர் நீளமானது. கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், மணல் குற்றவாளிகள் என்று அது ஒரு பட்டியலே போடுகிறது. விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்க அது வழிசெய்கிறது. காட்டையும் ஆற்றையும் சூறையாடுபவர்களைத் தன் தலைப்பிலேயே வைத்திருக்கும் சட்டம், நிலத்தைக் காக்கச் சொன்ன மாணவியைக் கோவைச் சிறையில் அடைக்கப் பயன்பட்டது. செப்டம்பர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புக்காவலை ரத்து செய்தது.

அடுத்த ஆண்டே பிரச்சினை சேர்வராயன் மலையடிவாரத்துக்கு வந்தது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை: 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட மஞ்சவாடிப் பகுதியின் காப்புக்காடும் அதன் பாதையில் இருந்தது. காட்டையும் கிணற்றையும் தென்னந்தோப்பையும் கடந்துபோகும் அதற்குப் 'பசுமை வழிச்சாலை' என்று பெயர் வைத்தார்கள். 2018 ஜூனில் அச்சாங்குட்டப்பட்டியில் மக்களோடு நின்ற வளர்மதி மீண்டும் கைதானார்.

அங்கே அவர் தனியாக இல்லை. அளவுக்கல் நட வந்தவர்களை மறித்து அழுதவர்களிலும் மண்ணில் விழுந்தவர்களிலும் பெண்கள் ஏராளம். நம் ஊர்களில் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும். இழப்பீடும் பட்டாதாரருக்கே போகும். களை எடுத்து, மாடு கட்டி, தண்ணீர் பாய்ச்சிய பெண்ணுக்கு அந்த நிலம் காகிதத்தில் சொந்தமில்லை. அவள் இழப்பது கணக்கிலும் வராது. "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று மாணவியை அதட்டுகிற குரல்தான் "பட்டா உன் பெயரிலா இருக்கிறது?" என்று அவள் தாயையும் கேட்கிறது.

2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் கிரெட்டா துன்பர்க் பதாகையுடன் அமர்ந்தபோது உலகம் வியந்தது. 2021இல் பெங்களூருவின் திஷா ரவிமீது, விவசாயிகள் போராட்டத்துக்கான ஓர் இணைய ஆவணத்துக்காகத் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அவருக்கு முன்பே சேலத்தில் ஒரு காகிதம் குற்றமாக்கப்பட்டிருந்தது.

2019 ஏப்ரல் 8 அன்று எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நில எடுப்புக்கான முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெறத் தேவையில்லை என்றது. இந்தத் தீர்ப்புகளையும் தடுப்புக்காவல் ஆணைகளையும் நம் மாணவிகள் வரலாற்று ஆவணங்களாக வாசிக்க வேண்டும். மஞ்சவாடியிலும் அச்சாங்குட்டப்பட்டியிலும் அளவுக்கல்லை மறித்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு, பெயரோடு எழுதி வைக்கலாம்.