அரசாங்கமும் தொழில் முதலீடும்

பொருளுடையார் நம்மிடையே பலர் உளர். அப்பொருளைத் தொழிலில் இட முன்வருவார் மிகச் சிலர். "அரசாங்கத்தார் ஒன்றுஞ் செய்திலர்" எனக் குறை கூறுதலோ யாவர்க்கும் எளிது. அரசாங்கம் தொழில் முதலுக்கு எங்ஙனம் வழிகாட்டக் கூடும் என்பதற்குச் சென்னை மாகாணத்துப் பழைய வரலாறொன்றை ஈண்டு எழுதப் புகுந்தாம்.

சென்னைப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரஞ் செய்யும் வேலையைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய கைகளே அப்புதிய உலோகத்தையும் அடிக்கக் கற்றன. தொழில் நிலைபெற்றபின், 1903-இல் அரசாங்கத்தார் அதனைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாது, இந்தியன் அலுமினியம் கம்பெனி என்னும் தனியார் கூட்டுப்பங்கு நிலையத்திற்கு விற்றனர். பின்னர்க் குரோம் முறையில் தோல் பதனிட்டுக் கவலை ஏற்றத்திற்குரிய சால் செய்தலையும், எண்ணெய் எஞ்சினாற் கிணற்றுநீர் இறைத்தலையும் அவர் செய்துகாட்டினார். தனியார் நட்டத்திற்கு அஞ்சும் முதல் முயற்சியை அரசு ஏற்றல், பயன் விளங்கியபின் விலகி நிற்றல் என்பனவே அவர் முறையாம்.

1908-இல் உதகமண்டலத்தில் தொழில் மகாநாடு கூடிற்று. அதன் பயனாகத் தொழில் இலாகா ஒன்று தனியே அமைந்தது. ஆனால் ஐரோப்பிய வணிகர் ஒன்றுகூடி, அரசாங்கம் தனியார் வாணிபத்தில் தலையிடுதல் தகாதென்றனர். இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபுவும் 1910-இல் அவ்விலாகாவை ஏற்க மறுத்தார். தொழிற்கல்வி புகட்டலாம், பொதுப்பணத்தால் தொழில் நடத்துதல் கூடாது என்பது அவர் கருத்து.

இது பொருந்துமோ? எம் பள்ளிக்கு வரும் இளஞ்சிறார்க்கு எழுத்தின் வடிவைச் சொல்லால் விளக்கிப் பயனில்லை. விரலைப் பற்றி மணலில் ஒருமுறை எழுதுவித்தல் வேண்டும். எழுதப் பழகியபின்னும் விரலை விடாத ஆசிரியனும் குற்றமுடையனே. சாட்டர்டன் பற்றவும் அறிந்தார், விடவும் அறிந்தார்.

காலம் அவர் பக்கமே நின்றது. 1914-இல் தொழில் இலாகா மீண்டும் எழுந்தது. 1916 முதல் 1918 வரை ஆராய்ந்த இந்தியத் தொழிற் கமிஷனில் அவரும் ஓர் அங்கத்தினராயினர். தொழில் வளர்ச்சியில் அரசாங்கம் முனைந்து ஈடுபடல் வேண்டுமென அக்கமிஷன் கூறிற்று. தொழில்களுக்கு அரசு உதவி வழங்கும் சட்டம் 1922-ஆம் ஆண்டினது. நாடு விடுதலை பெற்றபின், 1949-இல் தொழில் தொடங்குவார்க்குக் கடன் தரும் முதலீட்டுக் கழகம் சென்னையில் தோன்றியது. 1971-இல் பிறந்த சிப்காட், நிலமும் நீரும் சாலையும் அமைத்துத் தொழிற்பேட்டைகளை ஆயத்தஞ் செய்யலாயிற்று.

அன்பர்காள்! வாயிலைத் திறந்துவைத்தல் அரசின் கடன். உட்புகுதல் நம் கடன். அன்று ஓர் இலாகாவை மூடுவித்தவர்கள் ஒன்றுகூடியே அதனைச் செய்தனர். ஆக்கத்திற்காக நம்மவர் ஒன்றுகூடல் அரிதோ? வட்டிக்கும் நிலத்திற்குமே செல்லும் முதலில் ஒரு பகுதியையேனும் பலர் சேர்த்து, கணக்கில் நேர்மை காத்து, ஒரு தொழிலில் இடுவோமாக. அரசு தருங் கடனைக் கலியாணச் செலவிற்குத் திருப்பாது, பெற்ற காரியத்திற்கே செலவிடுவோமாக. கற்பித்த கை விலகியபின் எழுதவேண்டியவர் நாமேயன்றோ?