தானுந்தில் இறுகிய தடை வட்டைக் கழற்றுதல்

தடை வட்டு அல்லது பிரேக் டிஸ்க் என்பது தானுந்தின் சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டு ஆகும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது காலிப்பர் எனப்படும் இடுக்கி, பிரேக் பேடுகளை வட்டின் இரு பக்கங்களிலும் அழுத்துகிறது. இவ்வுராய்வினால் வண்டி நிற்கிறது. தேய்ந்த வட்டை மாற்ற முற்படும்போது, அது ஹப் எனப்படும் சக்கரக் குடத்தோடு துருவால் இறுகிக் கழலாமல் இருப்பதுண்டு. வலிமையைக் காட்டிலும் பொறுமையும் சீரான விசையுமே இதனைக் கழற்ற உதவுகின்றன.

வரலாறு

1902-இல் இங்கிலாந்துப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் வட்டு வகைத் தடைக்குக் காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வட்டுத் தடைகள் பொருத்திய ஜாகுவார் தானுந்து வென்றபின் இம்முறை பரவலாயிற்று. இந்தியாவின் சிறிய தானுந்துகள் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு வட்டுத் தடையும், பின்சக்கரங்களுக்கு டிரம் தடையும் உள்ளன.

இறுகுவதற்கான காரணம்

வட்டின் நடுத்துளை, குடத்தின் நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தின்மீது மிகக் குறைந்த இடைவெளியோடு அமர்கிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் அதிகரிப்பதால், துரு இவ்விடைவெளியை நிரப்பி இரண்டையும் இறுக்கிவிடுகிறது. மழைக்குப்பின் உராயும் பரப்பில் காணப்படும் மெல்லிய செந்துரு இதனின்று வேறானது. அது சிலமுறை பிரேக் பிடித்தாலே நீங்கிவிடும்.

புதுச்சேரி ஊரகப் பகுதிகளில்

புதுச்சேரியின் கொம்யூன்களுள் பாகூரில் மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் போன்ற கடற்கரை ஊர்கள் உள்ளன. உப்பு கலந்த கடற்காற்று துருவேறுதலை விரைவுபடுத்தும். வில்லியனூர் உள்நாட்டில் இருப்பினும் சங்கராபரணி ஆற்றையும் ஊசுட்டேரியையும் ஒட்டியுள்ளது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இப்பகுதிகளை நனைக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நகரில் ஒரே நாளில் 46 செ.மீ. அளவில் மழை பெய்தது. தொடர்ந்து தென்பெண்ணை ஆற்றில் வந்த வெள்ளம் பாகூர்ப் பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. இவ்வாறு நீரில் நின்று, பின்னர் ஓட்டப்படாமல் கிடக்கும் தானுந்துகளில் வட்டு இறுகும் வாய்ப்பு மிகுதி.

கழற்றும் முறை

1. வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, தூக்கப்படாத சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஈரமான மண்ணில் ஜாக்கி புதைந்து சாயக்கூடும்.
2. சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மீது வண்டியை இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்தல் உயிருக்கு ஆபத்தானது.
3. சக்கரத்தை எடுத்தபின் காலிப்பரையும் அதன் சட்டத்தையும் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் பாரம் பிரேக் குழாயில் விழலாகாது. இந்நிலையில் பிரேக்கை மிதிக்கக் கூடாது.
4. வட்டின் முகப்பில் சிறு திருகாணிகள் இருப்பின் அவற்றை நீக்க வேண்டும். இவை கழற்றப்படாததாலேயே வட்டு இறுகியதாகத் தோன்றுவதுண்டு.
5. நடுத்துளையைச் சுற்றியும் சக்கர போல்ட்டுகளின் அடியிலும் துரு நீக்கி எண்ணெய் தெளித்து, குறைந்தது அரைமணி நேரம் ஊறவிட வேண்டும்.
6. பல வட்டுகளின் முகப்பில் மரையிட்ட இரு துளைகள் உண்டு. அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை (பெரும்பாலும் 8 மி.மீ.) செலுத்தி, ஒன்றை மாற்றி ஒன்றாகக் கால் சுற்று வீதம் திருகினால் வட்டு குடத்தைவிட்டு விலகும்.
7. அத்துளைகள் இல்லையெனில், வட்டைச் சுழற்றியவாறு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ரப்பர்ச் சுத்தியலால் சீராகத் தட்டலாம்.

பின்சக்கரத்தில் வட்டு இருப்பின் கைப்பிரேக்கை முதலில் விடுவிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

உராயும் பரப்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் வட்டு வெடிக்கலாம். அவ்வாறு அடிபட்ட வட்டை மீண்டும் பயன்படுத்தலாகாது. பலமான அடி சக்கரத் தாங்கியான பேரிங்கையும் பழுதாக்கும். தீச்சுடரால் சூடாக்கினால் தெளித்த எண்ணெய் தீப்பற்றக்கூடும். பேரிங்கின் கிரீசும் ரப்பர் அடைப்புகளும் கெடும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பேடுகளில் கல்நார் இருந்திருக்கலாம்.

மீண்டும் பொருத்துதல்

குடத்தின் முகப்பைக் கம்பித் தூரிகையால் துருவின்றித் தேய்க்க வேண்டும். அங்கு எஞ்சும் துரு புதிய வட்டைச் சாய்வாக அமர்த்தி, பிரேக் பிடிக்கும்போது அதிர்வை உண்டாக்கும். இறுகல் தடுக்கும் பசையைக் குடத்தில் மிக மெல்லியதாகப் பூசலாம். அது உராயும் பரப்பிலோ பேடிலோ படலாகாது. அச்சின் இரு பக்க வட்டுகளையும் ஒருசேர மாற்றுவதே முறை. நட்டுகளை எதிரெதிராக, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பிரேக்கைப் பலமுறை மிதிப்பது இன்றியமையாதது. இல்லையெனில் முதல் மிதியில் வண்டி நிற்காமல் போகலாம்.

சில வடிவமைப்புகளில் வட்டு குடத்தின் உட்புறம் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்ற அழுத்துபொறி தேவைப்படலாம் என்பதால் பட்டறையில் செய்வதே தக்கது. குழாயில் வெடிப்போ எண்ணெய்க் கசிவோ தென்பட்டாலும் வீட்டுப் பணியை அத்துடன் நிறுத்த வேண்டும்.