உதாரும் மிரட்டலும்

உதார் என்பது, தன்னிடம் இல்லாத வலிமையையோ செல்வாக்கையோ இருப்பதாகக் காட்டி, எதிரே நிற்பவரை மோதலுக்கு முன்பே விலகச் செய்யும் நடத்தையைக் குறிக்கச் சென்னைப் பேச்சுத் தமிழில் வழங்கும் சொல். மிரட்டல் என்பது, சொன்னபடி நடக்காவிட்டால் தீங்கு நேரும் என்று உணர்த்தி ஒருவரைப் பணியவைப்பது. உதாருக்குப் பின்னால் வலிமை இல்லை, மிரட்டலுக்குப் பின்னால் அது இருக்கலாம் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் எதிரில் நிற்பவரால் அந்த நேரத்தில் அந்த வேறுபாட்டைக் கண்டறிய முடிவதில்லை என்பதாலேயே இரண்டும் பலிக்கின்றன. மயிலாப்பூர், சாந்தோம், அடையாறு, தியாகராய நகர் ஆகிய பகுதிகளைக் கொண்ட தென் சென்னையின் மூன்று நூற்றாண்டு வரலாற்றில், இந்நடத்தை ஆட்சிகளைத் தாங்கி நின்றதையும் அவற்றைக் கவிழ்த்ததையும் காணலாம்.

அடிப்படை

சண்டை வென்றவருக்கும் இழப்பைத் தருவது. ஆகவே சண்டையிடாமலே வெற்றி தோல்வியை முடிவு செய்துகொள்ளும் வழிகள் விலங்குகளிடமே உருவாகிவிட்டன. கிண்டி தேசியப் பூங்காவில் வாழும் வெளிமான்களில் இரு ஆண்கள் எதிர்ப்பட்டால், பெரும்பாலும் கொம்பு மோதாமல், தலையை நிமிர்த்தி அருகருகே நடந்து ஒன்றையொன்று அளந்து, சிறியது விலகிவிடுவதோடு விவகாரம் முடிகிறது. பொய்யாகக் காட்ட முடியாத அளவுக்குச் செலவு பிடிக்கும் அடையாளங்களே நம்பகமானவை என்ற கருத்தை இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் சகாவி 1975-இல் முன்வைத்தார். மனிதரின் பேரங்களையும் போர்களையும் ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங், 1960-இல் வெளியான தம் நூலில், மிரட்டுபவர் தாம் பின்வாங்க இயலாதவாறு தம்மையே கட்டிப்போட்டுக்கொள்ளும்போதுதான் அவர் மிரட்டல் எடையுள்ளதாகிறது என்று விளக்கினார்.

இவ்விரு கருத்துகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒரு மிரட்டல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை, மிரட்டுபவரின் உண்மை வலிமையைக் காட்டிலும், அதைச் சோதித்துப் பார்க்க மிரட்டப்படுபவர் கொடுக்க வேண்டிய விலையே தீர்மானிக்கிறது. சோதிப்பதற்கு உயிரையோ மானத்தையோ சேமிப்பையோ பணயம் வைக்க வேண்டுமென்றால், வெறும் உதாரும் தலைமுறை தலைமுறையாக நிலைக்கும். ஒரே கேள்வியில் சோதித்துவிட முடியுமென்றால் உண்மையான வலிமைகூட அடக்கமாக நடந்துகொள்ளும்.

மயிலாப்பூரில் வாழ்ந்தவர் என்று மரபு கூறும் திருவள்ளுவர் இப்பொருளை இரு கோணங்களில் அணுகியிருக்கிறார். மன உறுதியில்லாதவன் தவவேடம் பூணுவதை, புலித்தோல் போர்த்து மேயும் பசுவுக்குக் கூடாவொழுக்க அதிகாரத்தில் ஒப்பிடுகிறார். ஆள்பவர் குடிமக்களை அச்சுறுத்துவதைக் கண்டிக்க ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருப்பதோடு, அதற்கு முந்திய கொடுங்கோன்மை அதிகாரத்தில், செங்கோல் ஏந்தியவன் குடிகளிடம் பொருள் கேட்பதை வேலேந்திய வழிப்பறிக்காரன் கேட்பதோடு சமமாக வைக்கிறார். கேட்கும் குரல் எவ்வளவு பணிவானதாக இருந்தாலும், கையிலுள்ள கருவியே அதை மிரட்டலாக்கிவிடுகிறது என்னும் இந்த நோக்கு, பிற்காலச் சட்டங்கள் மிரட்டலை வரையறுத்த முறைக்கு மிக நெருக்கமானது.

அடையாற்றுப் போர், 1746

பெரும்படையின் தோற்றமே போதுமான ஆயுதம் என்ற நம்பிக்கை உடைந்த இடம் அடையாற்றின் கழிமுகம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றினார். கைப்பற்றிய நகரை ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கானிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே வாக்களித்திருந்தார்; அவ்வாக்கு நிறைவேறாமல் இழுத்துக்கொண்டே போனதால், நவாப் தம் மகன் மாபூஸ் கானின் தலைமையில் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படையை அனுப்பினார். யானைகளும் குதிரைப் படையும் முரசுகளுமாக வந்த அப்படை கோட்டையைச் சூழ்ந்தாலே பிரெஞ்சுக்காரர்கள் இணங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தது நியாயமே. ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் அதுவரை மொகலாய அதிகாரிகளின் படைகளை வெல்ல முடியாதவை என்று கருதி, பணமும் பரிசுகளும் கொடுத்துப் பணிந்துபோவதையே வழக்கமாகக் கொண்டிருந்தன.

முதல் விரிசல் கோட்டையருகிலேயே விழுந்தது. வெளியே வந்த சுமார் 400 பிரெஞ்சு வீரர்கள், பின்னால் மறைத்துக் கொண்டுவந்த இரண்டு பீரங்கிகளைக் கொண்டு அடுத்தடுத்துச் சுட்டனர். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே கால் மணி நேரமாவது ஆகும் என்று பழகியிருந்த நவாபின் குதிரைப் படை, அந்த வேகத்தைக் கண்டு கலைந்தது. அதன் பிறகு மாபூஸ் கான், புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த உதவிப் படையை வழிமறிக்கச் சாந்தோமுக்கு நகர்ந்து, அடையாற்றின் வடகரையில் அணிவகுத்தார். புதிய நாட்காட்டிப்படி 1746 நவம்பர் 4-ஆம் நாள், ஆங்கிலேயர் அப்போது பின்பற்றிய பழைய கணக்கில் அக்டோபர் 24, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாரடீஸ் என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரி, முந்நூறுக்கும் குறைவான ஐரோப்பியரோடும் சுமார் 700 சிப்பாய்களோடும், பீரங்கி ஒன்றுகூட இல்லாமல் தென்கரைக்கு வந்து சேர்ந்தார். எதிர்க்கரையில் நின்ற கூட்டத்தைக் கண்டு அவர் நிற்கவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் ஆற்றில் இறங்கி, கரையேறியதும் ஒரே வீச்சில் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்திகளோடு பாய்ந்த அச்சிறு படையின் முன், நவாபின் படை சாந்தோமின் குறுகிய தெருக்களுக்குள் நெருக்கியடித்துப் பின்வாங்கிச் சிதறியது. மாபூஸ் கான் யானைமீது தப்பிச் சென்றார். குயிபிள் தீவு, பட்டினப்பாக்கம், சாந்தோம் என்று இன்று அறியப்படும் பகுதிகளை ஒட்டிய நிலமே அக்களம்.

இப்போரில் இறந்தவர்களின் தொகை பெரிதன்று. நூறாண்டுக்கு மேல் எந்த ஐரோப்பியராலும் குலைக்க முடியாதிருந்த ஒரு மதிப்பு ஒரே பகலில் சோதிக்கப்பட்டு இல்லாமற்போனது என்பதிலேயே அதன் முக்கியத்துவம் இருக்கிறது. கருநாடகப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இதனைத் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறார். அதன் பின் அதே மதிப்பு கைமாறியது. 1751-இல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் சென்னையிலிருந்து ஆர்க்காட்டுக்குப் புறப்பட்டபோது, இடியும் மழையும் கொட்டியபடி இருக்க அப்படை நடையை நிறுத்தாமல் வந்தது என்ற செய்தியைக் கேட்ட கோட்டைக் காவற்படை, ஒரு வேட்டும் வெடிக்காமல் கோட்டையை விட்டு வெளியேறியது. ஐந்தே ஆண்டுகளில் அச்சம் இடம் மாறிவிட்டது.

ஏகாதிபத்தியத்தின் மதிப்பு

மிகச் சில அதிகாரிகளைக் கொண்டு கோடிக்கணக்கானோரை ஆண்ட ஆங்கிலேய ஆட்சி, படைபலத்தோடு கூடவே, அப்பலத்தைப் பற்றிய நம்பிக்கையாலும் நின்றது. அந்நம்பிக்கையைக் குலைப்பதே எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கியதன் நோக்கம். ஏறத்தாழ 130 குண்டுகளை வீசி, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்குகளுக்குத் தீ வைத்துவிட்டு, கரைப் பீரங்கிகள் பதிலளித்தும் சேதமின்றிக் கப்பல் இருளில் மறைந்தது. இந்திய மக்களின் முன் ஆங்கிலேயரின் மதிப்பைக் குறைப்பதே தம் எண்ணம் என்று கப்பல் தலைவர் கார்ல் ஃபொன் முல்லரே பின்னர்க் குறிப்பிட்டார். உயிரிழந்தோர் சிலரே எனினும், ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு வெளியேறினர். திறமையும் துணிவும் மிக்க ஆளை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் அன்றிலிருந்து நிலைத்தது. அதே கப்பல் அடுத்த மாதம் 28-ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, தன் மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாகப் போலியான ஒன்றைப் பொருத்தி, ஆங்கிலேயக் கப்பல் போல வேடமிட்டிருந்தது. ஒரே கலம் ஓரிடத்தில் தன் வலிமையைப் பெரிதாக்கிக் காட்டியது, வேறோரிடத்தில் தன் அடையாளத்தையே மறைத்தது. 1914 நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை வீழ்த்தியது.

ஆட்சியின் மிரட்டலை நேருக்கு நேர் சோதித்த நிகழ்ச்சிகளும் சென்னையில் உண்டு. சைமன் குழுவுக்கு எதிரான 1928 பிப்ரவரி போராட்டத்தில், உயர் நீதிமன்றத்தையடுத்த பகுதியில் காவலர்கள் துப்பாக்கிகளோடு வழிமறித்தபோது, காங்கிரஸ் தலைவர் தங்குட்டூரி பிரகாசம் மார்பைத் திறந்து காட்டிச் சுடுமாறு அழைத்தார். காவலர்கள் வழிவிட்டனர். மிரட்டலைச் சோதிக்கும் விலையைத் தாமே முன்வந்து கட்டியவர் என்பதால்தான் ‘ஆந்திர கேசரி’ என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது.

1942-இல் நிலைமை முழுமையாக வெளிப்பட்டது. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும், ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பும் விசாகப்பட்டினமும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளானதும், சென்னையில் இருக்கத் தேவையில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன, உயிர்க்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஜப்பானியப் படை வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளை வீசிச் சென்றதோடு சரி. ஆனால் காப்பாற்ற வல்லது என்று நம்பப்பட்ட ஆட்சியே முதலில் பெட்டி கட்டியதை மக்கள் கண்டுவிட்டனர்; அக்காட்சிக்குப் பின் அந்த ஆட்சி ஐந்தாண்டுகளே நீடித்தது.

அன்றாட வாழ்வில்

சந்தையில் நடக்கும் உதார் பெரும்பாலும் தீங்கற்றது. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும், பக்கத்துக் கடையில் குறைத்துத் தருகிறார்கள் என்று வாங்குபவர் சொல்வதும், அசலுக்கே கட்டாது என்று விற்பவர் சொல்வதும், இருவருக்கும் தெரிந்த விளையாட்டு. வாங்குபவர் நான்கு அடி நடந்தால் யார் சொன்னது உண்மை என்பது தெரிந்துவிடும். அச்சோதனைக்கு எந்த விலையும் இல்லை. ஆட்டோ பேரம் அப்படிப்பட்டதன்று. மழையிலோ பின்னிரவிலோ குழந்தையோடு நிற்பவர் நடந்து காட்ட முடியாது. தமிழ்நாடு அரசு 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் எனக் கட்டணம் நிர்ணயித்தது இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவே. பல ஆண்டுகள் அது திருத்தப்படாமல் கிடந்ததால், எரிபொருள் விலை ஏற ஏற மீட்டரே பேரத்திற்குரிய பொருளாகிவிட்டது. இதில் ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்வது பொருந்தாது.

செல்வாக்கைக் காட்டும் உதார் இன்னொரு வகை. வாகனக் கண்ணாடிகளில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘வழக்கறிஞர்’ என்று ஒட்டிக்கொள்வது, போக்குவரத்துக் காவலர் ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது என்ற கணக்கில் பிறக்கும் வழக்கம். அங்கீகாரமற்ற அத்தகைய ஒட்டுவில்லைகளுக்கு எதிராகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. தமிழ்த் திரைப்படம் இவ்வகை மனிதரை நன்கு அறியும். ‘வின்னர்’ (2003) படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ள, வலிமையின் சடங்குகள் அனைத்தையும் கொண்டு வலிமை மட்டும் இல்லாத பாத்திரமாக மக்களின் பேச்சில் நிலைத்துவிட்டது.

மாறாகச் சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் கண்முன் இருப்பதால் உதாருக்கு இடம் குறைவு என்றாலும், மிரட்டலுக்கு இடமுண்டு. நியூயார்க்கில் 1995-இல் நடந்த உலகப் பட்டப் போட்டியில், ஒன்பதாம் ஆட்டத்தில் சென்னையின் விசுவநாதன் ஆனந்திடம் தோற்ற காஸ்பரோவ், பத்தாம் ஆட்டத்தில் நகர்த்தலை முடித்தபோதெல்லாம் கதவை அறைந்து சாத்திச் சென்றது பரவலாகப் பேசப்பட்டது. ஆனந்த் அப்போட்டியில் 7.5–10.5 என்ற கணக்கில் தோற்றார்.

சட்டம்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 503, 506 பிரிவுகள் மிரட்டலைக் குற்றமாக்கின; 2024 ஜூலை 1 முதல் அவற்றுக்கு ஈடாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவும் அதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஈராண்டு வரை, கொலை அல்லது கொடுங்காயம் விளைவிப்பதாக மிரட்டினால் ஏழாண்டு வரை. அச்சமூட்டும் நோக்கம் இல்லாத வெறும் சொற்கள் இக்குற்றமாகா என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கூறியது. கட்டப்பஞ்சாயத்து, அதாவது வழக்குமன்றத்திற்கு வெளியே அடியாட்களை வைத்து நிலம், வாடகை, கடன் தகராறுகளை முடித்துவைப்பது, சட்டத்தின் மெதுவான நடையைப் பயன்படுத்தி வளர்ந்தது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டம், 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம், 2011-இல் தொடங்கப்பட்ட நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுகள் ஆகியவை அதற்கு எதிரானவை. வீட்டுமனை விலை உயர்ந்த தென் சென்னையில், வழக்கு முடியப் பத்தாண்டு ஆகும் என்ற நிலை இருக்கும்வரை, அடியாள் வாசலில் வந்து நிற்பதற்கு மதிப்பு இருந்துகொண்டே இருக்கும்.

டிஜிட்டல் கைது

அண்மைக் காலத்தில் மிகக் கொடியதாக வளர்ந்திருப்பது ‘டிஜிட்டல் கைது’ என்னும் மோசடி. உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது, உங்கள் வங்கிக் கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியது என்று தொலைபேசியில் அறிவித்து, மும்பைக் காவல்துறை, சி.பி.ஐ. எனச் சொல்லிக்கொண்டு சீருடையில் காணொளி அழைப்பில் தோன்றி, யாரிடமும் பேசக் கூடாது என்று கட்டளையிட்டு, மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில் ஒருவரைத் திரையின் முன் உட்காரவைத்துச் சேமிப்பு முழுவதையும் மாற்றிக்கொள்வது இதன் முறை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஓய்வூதியத்தோடு தனியே வாழும் முதியோர் இதற்கு எளிதில் இலக்காகின்றனர். வாழ்நாள் முழுதும் சட்டத்திற்குப் பணிந்து நடந்த பழக்கமே அவர்களுக்கு எதிரான ஆயுதமாகிறது. பிரதமர் 2024 அக்டோபர் வானொலி உரையில் இது குறித்து எச்சரித்தார். இம்மோசடியின் உயிர்நாடி, இன்னொருவரிடம் கேட்டுவிடாதபடி தனிமைப்படுத்துவது. பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் அது அங்கேயே முடிந்துவிடும். காணொளி வழியே ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டம் எதிலும் இடமில்லை. அத்தகைய அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, வீட்டில் உள்ளவரிடமோ அண்டை வீட்டாரிடமோ உடனே சொல்லவும், பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும் வேண்டும்.