ஒட்டகம் எங்கே?

வணிகன் ஒருவன் தன் ஒட்டகத்தைத் தேடிக்கொண்டு தலைதெறிக்க ஓடி வருகிறான். எதிரே நான்கு வழிப்போக்கர்கள். "அதற்கு ஒரு கால் நொண்டியோ?" என்கிறான் ஒருவன். "வலக் கண் குருடோ?" என்கிறான் அடுத்தவன். மூன்றாமவன் வால் குட்டையா என்கிறான். நான்காமவன் வயிற்று வலி உண்டா என்கிறான். நான்கும் சரி! ஆனால், "ஒட்டகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை" என்று நால்வரும் சாதிக்கிறார்கள். வணிகன் விடுவானா? திருடர்கள் என்று சொல்லி அரசன் முன் கொண்டுபோய் நிறுத்துகிறான்.

இது நமது தமிழ் அளகேச கதையில் வருவது. ஒரு காலின் தடம் சரியாகப் பதியவில்லை, அதனால் நொண்டி. பாதையின் இடப் பக்கத்துத் தழைதான் மேயப்பட்டிருந்தது. ஆகவே வலக் கண் தெரியாது. சொட்டுச் சொட்டாக இரத்தம் கிடந்தது. கடித்த ஈயை விரட்ட வால் எட்டவில்லை. முன்கால்கள் அழுந்தியிருக்க, பின்கால்கள் பட்டும் படாமலும் இருந்தன; வயிற்றில் வலி. கண் இருந்து பார்த்ததற்காகக் கழுத்துப் போகும் நிலைமை வந்ததையும், அதே கண்ணால் பிழைத்ததையும் கவனியுங்கள். துப்பறியும் கதைக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் இதில் இருக்கிறது.

இக்கதைக்கு உறவினர் உலகெங்கும் உண்டு. சரண்தீபத்து அரசகுமாரர் மூவர், அதாவது நம் இலங்கைப் பிள்ளைகள், இதே ஒட்டக வித்தையைச் செய்வதாக ஒரு நூல் 1557-இல் வெனிஸ் நகரத்தில் அச்சாயிற்று. பிரெஞ்சு ஆசிரியர் வால்டேர் ஒட்டகத்தை நாயாகவும் குதிரையாகவும் மாற்றி எழுதினார். எட்கார் ஆலன் போ 1841-இல் எழுதிய கொலைக் கதையைத்தான் துப்பறியும் கதைகளுக்கு மூலபுருஷன் என்பார்கள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தொடர்பு உள்ளூரிலேயே இருக்கிறது. அளகேச கதையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் பண்டித நடேச சாஸ்திரியார். அது 1889-இல் கிளௌஸ்டன் என்பவருடைய தொகுதியில் இடம்பெற்றது. அதே சாஸ்திரியார்தான் 1894-இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவவிட்டார். ஒட்டகத்தின் தடத்தைப் பிடித்தே போலீஸ்காரனிடம் போய்ச் சேர்ந்தார் போலும்!

மர்மம் ஏட்டை விட்டு மேசைக்கு வந்தது பிற்பாடு. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆண்டனி பிராட் போர்க்காலத்தில் யோசித்த 'க்ளூடோ' 1949-இல் கடைக்கு வந்தது. ஆறு பேர், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள். ஆக 324 விடைகளில் ஒன்று உறையில் ஒளிந்திருக்கும். அது கணக்கு, கதை என்று சொல்ல மாட்டேன். 1974-இல் அமெரிக்காவில் வேறொரு ஆட்டம் பிறந்தது. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். 1981-இல் வந்த 'கால் ஆஃப் துலு' இந்த வகையில் துப்புத் துலக்குவதையே முக்கிய வேலையாக்கிற்று.

இங்கேதான் எங்களைப் போன்ற நாவலாசிரியர்களுக்கு இல்லாத ஆபத்து வருகிறது. என் துப்பறிவாளன் கதவிடுக்கில் கிடக்கும் பொத்தானைப் பார்க்க வேண்டுமென்றால் பார்த்தே தீருவான். பேனா என் கையில். மேசையில் உட்கார்ந்திருப்பவரோ பொத்தானைத் தாண்டிப் போய்ச் சமையற்காரனை மணிக்கணக்கில் விசாரிப்பார். பகடை தவறி விழுந்தால் பொத்தான் கண்ணிலேயே படாது. கதை அந்த இடத்தில் சண்டி மாடு போல் படுத்துவிடும். ஆகவே, எந்த முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்கள் வையுங்கள் என்று 2008-இல் ஜஸ்டின் அலெக்ஸாண்டர் விதி வகுத்தார். தேடியவனுக்கு முக்கியத் தடயம் கிடைத்தே தீரவேண்டும், பகடையைக் கேட்காதே என்பது ராபின் லாஸின் கட்சி. என் வோட்டு இரண்டு பேருக்கும் உண்டு.

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும் சாலையில் இருக்கிறது பொங்கலூர். பனியன் வியாபாரம் வருவதற்கு வெகு காலம் முன்பே கொங்கின் இருபத்துநான்கு நாடுகளில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த ஊர். அங்கே இந்த ஆட்டத்தை வைத்துப் பார்ப்போம். ஒருவருடைய செங்கன்று காணாமற் போகிறது. மாதங்கள் கழித்துப் பக்கத்துக் கொறங்காட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கன்று மேய்கிறது. காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து சுமார் ஆறு மாதத்தில் நிறம் மாறும் என்பது அந்தச் சீமைப் பிள்ளைகளுக்குத் தெரியும், பட்டணத்தார் விழிப்பார்கள். அவர்களுக்காக வேலியைக் காட்டலாம்: சுற்றிலும் பருத்த பழைய கிளுவை, ஓரிடத்தில் மட்டும் புதிதாக நட்ட இளங்கொம்பு. அதையும் விட்டால், சொந்தக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கன்று தலையைத் திருப்பட்டும்.

அளகேச கதையின் நயமும் இதுதான். நான்கு பேர், நான்கு தடயம். சும்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க ஒருவனுக்கும் இடமில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. அரசன் வணிகனுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு நால்வரையும் மந்திரிகளாக்கிக் கொள்கிறான். ஒட்டகம் என்ன ஆயிற்றென்று கதையில் யாரும் கேட்கவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களோ அது தெரியாமல் எழுந்திருக்க மாட்டார்கள்.