துக்கத்துக்குள்ளே ஒரு பயணம்: அலிஸ் கொல்ட்ரேனின் ‘ஜேர்னி இன் சச்சிதானந்தா’

அலிஸ் கொல்ட்ரேன் என்ற பெயரை எங்கட ஆக்களில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் 1971 இல் வெளிவந்த, அவருடைய அல்பங்களில் மிக அதிகமாகக் கதைக்கப்படுகிற அல்பத்தின் தலைப்பில் ஒரு கொங்குத் தமிழரின் பெயர் இருக்கிறது. அந்த மனுசர் அமெரிக்கா போகிறதுக்கு முதல் 13 வருசம் இலங்கையில், திருகோணமலையிலும் கண்டியிலும் இருந்தவர். அல்பத்தின் பெயர் ‘ஜேர்னி இன் சச்சிதானந்தா’. ஐந்து பாட்டு, மொத்தம் 37 நிமிசம் மட்டில். பாட்டு என்று சொல்கிறேனே தவிர, ஒன்றிலும் சொல் கிடையாது. எல்லாம் வாத்தியம்தான்.

இதைக் கேட்டவுடன் எங்களுக்கு வாற முதல் ஆசை என்னவென்று தெரியும். ‘பாத்தியா, அமெரிக்காக்காரரும் கடைசியில எங்கட சாமியாரிட்டத்தான் நிம்மதி தேடி வந்திருக்கினம்’ எண்டு பெருமைப்படுறது. இந்தக் கட்டுரை அந்தப் பெருமைக்குக் கொஞ்சம் எதிரானது. இந்த அல்பத்தின் ஆழம் எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் போனால், நாங்கள் முதலில் போய் நிற்கிற இடம் ஒரு ஆச்சிரமம் இல்லை, ஒரு தேவாலயம்.

அலிஸ் மக்லவுட் 1937 இல் டிட்ரோயிட்டில் பிறந்தவர். கார்த் தொழிற்சாலைகளின் நகரம் அது. தெற்கு மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி, வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த நகரம். சின்ன வயதிலேயே பியானோ பழகி, பப்ரிஸ்ற் தேவாலய ஆராதனைகளில் வாசித்தார். அப்படியான கறுப்பினத் தேவாலயங்களில் பாட்டு என்பது ஒருவர் பாட மற்றவர்கள் கைகட்டிக் கேட்கிற விசயம் இல்லை. சபை முழுக்கப் பாடும், கைதட்டும், அழும், எழும்பி ஆடும். வாத்தியம் வாசிக்கிறவர் சபையின் மூச்சைப் பார்த்து, அதுக்கேற்ற மாதிரி நீட்டவும் வேணும், நிறுத்தவும் வேணும். அவருடைய மூத்த சகோதரர் ஏர்னி ஃபரோ ஜாஸ் பேஸ் கலைஞர். அலிஸும் ஜாஸுக்கு வந்தார். 1960 அளவில் பாரிஸில் பட் பவல் என்ற மாபெரும் பியானோக் கலைஞரிடம் பழகினார்.

1963 இல் நியூயோர்க்கில் சக்ஸபோன் கலைஞர் ஜோன் கொல்ட்ரேனைச் சந்தித்தபோது, அலிஸ் ஏற்கெனவே தன் சொந்தக் காலில் நின்ற ஒரு இசைக்கலைஞர். இதை அழுத்திச் சொல்லவேண்டி இருக்கிறது. ஏனென்றால் பிறகு வந்த விமர்சகர்களில் கனபேர் அவரை ‘கொல்ட்ரேனின் மனைவி’ என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்த்தார்கள்.

ஜோன் 1964 டிசம்பரில் பதிவுசெய்த ‘எ லவ் சுப்ரீம்’ கடவுளுக்கு எழுதின நன்றிக் கடிதம் மாதிரியான ஒரு அல்பம். ஆன்மிக ஜாஸ் என்று இண்டைக்கு நாங்கள் சொல்கிற வகைக்கு அது ஒரு பெரிய வாசலைத் திறந்துவிட்டது. அந்த வாசல் சும்மா திறபடவில்லை. 1965 இல் மல்கம் எக்ஸ் கொல்லப்பட்டார், 1968 இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். தங்களை மனுசராக மதிக்காத ஒரு நாட்டில், கறுப்பினக் கலைஞர்கள் பலர் தங்கள் வேரையும் கடவுளையும் புதிதாகத் தேடினார்கள். ஆபிரிக்கா, எகிப்து, இஸ்லாம், இந்தியா என்று அந்தத் தேடல் பல பக்கம் போனது. ஜோன் 1961 இலேயே ‘இந்தியா’ என்ற பெயரில் ஒரு பாட்டு வாசித்திருந்தார். 1965 இல் பிறந்த மகனுக்கு, சித்தார் மேதை ரவி சங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார்கள். ஆக, எந்தச் சுவாமியையும் சந்திக்க முதலே அந்த வீட்டுக்குள்ள இந்தியா வந்துவிட்டது.

1966 இல், மக்கோய் டைனர் விலகிப்போன இடத்தில், ஜோனின் குழுவில் பியானோ வாசிக்க அலிஸ் வந்தார். அது நீடித்தது ஒன்றரை வருசம்.

1967 ஜூலை 17. ஜோன் கொல்ட்ரேன் ஈரல் புற்றுநோயால் இறந்தார். வயது 40. அலிஸுக்கு 30 கூட ஆகவில்லை. கையில நாலு பிள்ளைகள். 21 ஆந் திகதி இறுதிச் சடங்கு. இரண்டு நாள் கழித்து, 23 ஆந் திகதி, அவர் பிறந்து வளர்ந்த டிட்ரோயிட் எரியத் தொடங்கியது. அனுமதிப்பத்திரம் இல்லாத ஒரு தவறணையைப் பொலிஸ் சுற்றிவளைத்ததில் ஆரம்பித்த கலவரம், 43 உயிர்களைக் கொண்டு போனது. ஒரு கிழமைக்குள்ளே வீடும் ஊரும்.

துக்க வீடு எங்களுக்குப் புதுசு இல்லை. முப்பத்தொண்டு முடிஞ்சு, வந்த சனம் எல்லாம் திரும்பிப் போன பிறகுதான் உண்மையான துக்கம் கதவைத் தட்டும் என்று எங்கட அம்மம்மாக்களுக்குத் தெரியும். அலிஸுக்கும் அப்படித்தான் நடந்தது. நித்திரை போனது, உடம்பு பயப்படுகிற அளவுக்கு மெலிந்தது, கண்ணுக்குத் தோற்றங்கள் தெரிந்தன. பின்னாளில், 1977 இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், அந்தக் காலத்தைத் தன் தபசு என்று அவர் விளங்கப்படுத்தினார். வெளியில நிண்டு பார்க்கிற எங்களுக்கு அது மனம் உடைஞ்ச ஒரு இளம் பெண்ணின் கதையாகவும் தெரியலாம். இரண்டும் ஒரே கதைதான்.

அந்த வீட்டுக்கு ஒரு ஹார்ப் வந்தது. ஜோன் தான் உயிரோடு இருக்கும்போது ஓடர் பண்ணினது, அவர் இறந்த பிறகே வந்து சேர்ந்தது என்று சொல்லப்படுகிறது. ஹார்ப் எங்கட பழைய யாழின் தூரத்துச் சொந்தம். எங்கட ஊரின் பெயருக்குள்ளேயே யாழ் இருக்கு, ஆனால் அந்த வாத்தியம் எங்கட கையில இல்லை. அது எப்படி இருந்திருக்கும் என்று விபுலானந்த அடிகள் வருசக்கணக்காக ஆராய்ந்து 1947 இல் ‘யாழ் நூல்’ எழுதவேண்டி வந்தது. மேற்கத்தைய ஹார்ப் 47 நரம்பும் 7 மிதிகட்டையும் உள்ள பெரிய வாத்தியம். ஜாஸில் அதை வாசித்தவர்கள் மிகக் குறைவு. அலிஸுக்கு முதல் அதில் பெயரெடுத்த டொரதி ஆஷ்பியும் டிட்ரோயிட்காரிதான். அலிஸ் அந்த நரம்புகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி மெட்டுப் போடுகிறதை விட, கையை ஒரு வீச்சில் ஓடவிட்டு அலை அலையாக எழுப்புகிறதைத்தான் தன் வழியாக ஆக்கிக்கொண்டார்.

இப்ப சுவாமியிடம் வருவம். 1914 இல் கோயம்புத்தூருக்குக் கிட்ட செட்டிப்பாளையத்தில் ராமசாமியாகப் பிறந்தவர். கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, மனைவியைப் பறிகொடுத்த பிறகு ஆன்மிக வழியில் போனவர். 1949 இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று சச்சிதானந்தர் ஆனார். 1953 இல் குரு அவரை இலங்கைக்கு அனுப்பினார். 1966 இல் ஓவியர் பீற்றர் மக்ஸ் போன்றவர்களின் அழைப்பில் நியூயோர்க் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். 1969 ஓகஸ்டில் வூட்ஸ்ரொக் இசைவிழாவைத் தொடக்கி வைத்து, இலட்சக்கணக்கான இளைஞர்களுக்கு முன்னால் பேசினதும் இவர்தான். விஷ்ணு வூட் என்ற பேஸ் கலைஞர் மூலமாக அலிஸுக்கு இவருடைய அறிமுகம் கிடைத்தது. துணையை இழந்த ஒருவர், துணையை இழந்த இன்னொருவரிடம் போனார் என்றும் இதைப் பார்க்கலாம்.

இனி அல்பம். முதல் நாலு பாட்டும் 1970 நவம்பர் 8 அன்று, நியூயோர்க்குக்குக் கிட்ட டிக்ஸ் ஹில்ஸில் இருந்த அவர்களுடைய வீட்டு ஸ்ரூடியோவில் பதிவானவை. ஜோன் வாழ்ந்த அதே வீடு.

தலைப்புப் பாட்டு தம்புராவோடு ஆரம்பிக்கிறது. எங்கட கச்சேரிகளில் தம்புரா பின்னுக்கு இருக்கும். இப்ப கன இடங்களில் அதுவும் இல்லை, சுருதிப்பெட்டிதான். இங்கே அது பாட்டின் நிலம் மாதிரி விரிகிறது. அதுக்கு மேல செசில் மெக்பீயின் பேஸ் ஒரு சின்னச் சுற்றைத் தொடங்கித் திரும்பத் திரும்ப வாசிக்கும். இந்தச் சுற்றைக் கவனியுங்கள். இதில் ராகமும் இல்லை, தாளக் கணக்கும் இல்லை. இது ப்ளூஸ் தெரிந்த கையின் நடை. பாரம் தூக்கின ஒருவர் அவசரப்படாமல் நடக்கிற மாதிரி. பிறகு மணிச் சத்தம், ஹார்ப் அலைகள், ரஷீத் அலியின் ட்ரம்ஸ், கடைசியில் ஃபேரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சக்ஸபோன். சாண்டர்ஸ் சக்ஸபோனை அலறவைக்கிறதுக்குப் பெயர்போனவர், ஜோனின் கடைசிக் குழுவில் கூட நின்றவர். இதில் அவர் கத்தவே இல்லை. செத்த வீட்டில் நெருங்கின சொந்தக்காரர் சத்தம் குறைச்சுக் கதைக்கிற மாதிரி வாசிக்கிறார்.

இரண்டாவது பாட்டு ‘சிவலோகா’. மூன்றாவது ‘ஸ்ரொப்ஓவர் பொம்பே’, மூன்று நிமிசம்கூட இல்லை. அந்த டிசம்பரில் சுவாமியோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போக இருந்த ஐந்து கிழமைப் பயணத்தைக் குறிக்கிற பெயர். திகதியைப் பாருங்கள். பதிவு நவம்பர், பயணம் டிசம்பர். அல்பத்தில் இருக்கிற பயணம், விமானம் ஏற முதலே நடந்து முடிந்த ஒன்று. தலைப்பிலும் அதுதான் இருக்கிறது. எங்கட வேற்றுமை உருபில் சொன்னால், ‘சச்சிதானந்தத்துக்கு’ ஒரு பயணம் இல்லை, ‘சச்சிதானந்தத்துள்’ ஒரு பயணம். சத், சித், ஆனந்தம்: இருப்பு, அறிவு, பேரின்பம். அது சுவாமியின் பெயரும்தான், ஒரு நிலையின் பெயரும்தான்.

நாலாவது பாட்டின் பெயர் ‘ஜோன் கொல்ட்ரேனைப் பற்றி ஏதோ கொஞ்சம்’ என்ற அர்த்தம் வருகிற ஒன்று. கணவரின் இசைக்கருக்களை எடுத்துக் கட்டினது. இதில் அலிஸ் பியானோவில் இருக்கிறார். அவரோடு ஒரே மேடையில் வாசித்த வாத்தியத்தில். ஐந்தாவது பாட்டு, அதே வருசம் ஜூலை 4 இல் வில்லேஜ் கேட் அரங்கில் நேரடியாகப் பதிவானது. சார்லி ஹேடன் பேஸ், விஷ்ணு வூட் ஊத் என்ற அரபு வாத்தியம். பாட்டின் பெயர் ‘ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ்’. எகிப்தியப் புராணத்தில் ஒசைரிஸ் கொல்லப்பட்டு, உடல் துண்டு துண்டாக எறியப்படுகிறது. மனைவி ஐசிஸ் ஒவ்வொரு துண்டாகத் தேடித் திரிந்து பொறுக்கிச் சேர்க்கிறாள்.

ஜோனைப் பற்றின பாட்டுக்கு அடுத்ததாக இந்தப் பாட்டு. சிவலோகம், பம்பாய் எல்லாம் தாண்டி அல்பம் வந்து முடிகிற இடம், செத்த கணவனைத் தேடுகிற ஒரு ஆபிரிக்கப் பெண்ணின் கதை. இதை ‘ரிலாக்ஸ் மியூசிக்’ என்று போட்டுக் கேட்கிறவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள்.

சுவாமி பற்றி ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட ஏலாது. 1991 இல், அவர் தன் குரு நிலையைப் பயன்படுத்தித் தங்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார் என்று முன்னாள் பெண் சீடர்கள் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார்கள். அவர் மறுத்தார், வழக்குத் தொடரப்படவில்லை. 2002 இல் காலமானார். குருமாரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று பழக்கப்பட்ட எங்களுக்கு, அந்தப் பெண்களின் குரலும் இந்த வரலாற்றின் பகுதிதான். அதுக்காக இந்த இசையைத் தூக்கி எறிய வேணுமா? நான் அப்படி நினைக்கவில்லை. தலைப்பில் யாருடைய பெயர் இருந்தாலும், உள்ளே கேட்கிற துக்கம் அலிஸுடையது, அதிலிருந்து எழும்பி வந்த உழைப்பும் அலிஸுடையது.

பிறகு நடந்ததும் அதைத்தான் காட்டுகிறது. அலிஸ் கடைசிவரை ஒருவரின் சீடராகவே இருந்துவிடவில்லை. துரியசங்கீதானந்தா என்ற பெயரில் தானே துறவியானார். 1983 இல் கலிபோர்னியாவில் சாய் அனந்தம் ஆச்சிரமத்தை நிறுவி, தானே வழிநடத்தினார். அங்கே பாடின பஜனைகளின் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். சொற்கள் சமஸ்கிருதம். ஆனால் சபை கைதட்டுகிற விதம், குரல் ஏறுகிற விதம் எல்லாம் டிட்ரோயிட் தேவாலயம். 2007 இல் அவர் காலமானார். 2018 இல் அந்த ஆச்சிரமம் காட்டுத்தீயில் எரிந்து போனது. 1971 பெப்ரவரியில் கார்னகி மண்டபத்தில், சுவாமியின் யோகா நிறுவனத்துக்கு நிதி திரட்ட அவர் செய்த கச்சேரி 2024 இல்தான் முழுமையாக வெளிவந்தது. அதில் தலைப்புப் பாட்டு இரண்டு பேஸ், இரண்டு ட்ரம்ஸோடு கேட்கிறது.

முதல் பாட்டை மட்டும் பிளேலிஸ்ற்றில் போட்டிட்டுப் போகிறவர்கள் கனபேர். அப்படிச் செய்யாமல், ஒருக்கா ஹெட்போன் மாட்டி, 37 நிமிசமும் ஒரே இருப்பில் இருந்து கேட்டுப் பாருங்கள். முதல் தரம் தம்புராவை விட்டிட்டு பேஸைப் பின்தொடருங்கள். நாலாவது பாட்டு முடிந்து ஐந்தாவது தொடங்குகிற இடத்தில போனைக் கையில எடுக்காதேங்கோ.