ஹவாய் ஒட்டுத்துணிப் போர்வை

ஹவாய்த் தீவுகளில் வீட்டிலேயே கையால் தைக்கப்படும், பஞ்சு வைத்த ஒட்டுத்துணிப் போர்வை. 1820இல் அங்கு வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிப் பெண்களின் துணித்தையல், மரப்பட்டையை அடித்துச் செய்யும் ‘கப்பா’ விரிப்பு மரபோடு கலந்ததில் இக்கலை உருவானது.

செய்முறை: ஒரே நிறத் துணியை எட்டாக மடித்து, சீமைப்பலா இலை போன்ற வடிவத்தை ஒரே வெட்டாகக் கத்தரிப்பர். பிரித்தால் நான்கு பக்கமும் ஒத்த முழு உருவம் கிடைக்கும். அதை வெள்ளைத் துணிமேல் பரப்பி, தற்காலிகமாக நூலோட்டுவர். பிறகு ஊசிமுனையால் ஓரத்தைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி, நூல் தெரியாதபடி தைப்பர். அடியில் பஞ்சும் பின்துணியும் வைத்து, உருவத்தின் விளிம்பைத் தொடர்ந்து அலையலையாகத் தையலோட்டுவர்.

முதல் போர்வைக்குச் சீமைப்பலா வடிவத்தையே தேர்வது மரபு. 1893இல் அரசி லிலியுவோகலானி பதவி நீக்கப்பட்டபின், ஹவாய்க் கொடி பொறித்த போர்வைகள் நாட்டுப்பற்றின் சின்னமாயின.