திருடன் செய்த உதவி: டொமினியன் ஆட்டத்தை உலகம் கற்றுக்கொண்ட கதை

எங்கட வீடுகளில காட்ஸ் எண்டால் முன்னூற்றி நாலு தான். வகைக்கு 76 புள்ளி, நாலு வகைக்கும் சேர்த்து 304. கட்டுக்குள் என்ன இருக்கென்று எல்லாருக்கும் தெரியும். கைக்கு வருவது அதிர்ஷ்டம், வந்ததை வைத்து விளையாடுவது கெட்டித்தனம். இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த நாங்கள் டொமினியனுக்கு முன்னால் முதன்முதலாக இருந்தபோது தடுமாறித்தான் போனோம். அங்கே அட்டைக்கட்டை ஆட்டம் நடக்க நடக்க நாங்களே உருவாக்க வேண்டும்.

இந்த யோசனைக்கு ஒரு முன்கதை இருக்கு. 1993 இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மஜிக்: த கதரிங்' ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கட்டை வீட்டில் இருந்தே அமைத்துக்கொண்டு வருவார்கள். அட்டைகளைக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும். டொனால்ட் எக்ஸ். வக்கரீனோ அந்த அமைக்கும் வேலையையே ஆட்டமாக்கினார். 2008 இல் வெளிவந்த அவருடைய டொமினியனில் எல்லாரும் ஒரே நிலையில் இருந்துதான் தொடங்குகிறார்கள்: 7 செம்பு, 3 காணி, மொத்தம் 10 அட்டை. ஒவ்வொரு முறையும் 5 அட்டை எடுத்து, கையில் வரும் காசுக்கு மேசையில் உள்ள அட்டைகளை வாங்குவது. வாங்கியதெல்லாம் கட்டுக்குள் போய், கலைத்து, திரும்பக் கைக்கு வரும். 6 புள்ளி தரும் மாகாணத்தின் விலை 8 காசு. மாகாணங்கள் முடிந்தால், அல்லது ஏதாவது மூன்று குவியல் காலியானால், ஆட்டமும் முடிந்தது. 2009 இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது இதற்குக் கிடைத்தது.

விதி இவ்வளவுதான். ஆனால் இதை நன்றாக விளையாடுவது எப்படி என்று கண்டுபிடிக்க ஆட்களுக்குக் கனகாலம் எடுத்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

புதிதாக விளையாடுபவர்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கிராமம், சந்தை, கம்மாலை என்று கண்ணில் பட்ட செயல் அட்டைகளை எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிக் குவித்தோம். ஒவ்வொன்றும் தனியே பார்க்க நல்ல அட்டைதான். எல்லாம் சேர்ந்து கைக்கு வரும்போது ஒன்றுக்கொன்று உதவாது. கிராமம் வரும்போது கம்மாலை வராது, இரண்டும் வந்தால் காசு வராது.

இந்தப் பழக்கத்தை உடைத்தது ஒரு சோம்பேறி உத்தி. ஆங்கிலத்தில் அதற்கு 'பிக் மணி' என்று பெயர். 8 காசு வந்தால் மாகாணம், 6 வந்தால் பொன், 3 வந்தால் வெள்ளி. செயல் அட்டை ஒன்றுமே வாங்குவதில்லை. யோசிக்க எதுவும் இல்லாத இந்த ஆட்டம், நிறைய யோசித்து விளையாடிய எங்களைத் தோற்கடித்தது. டொமினியனை இணையத்தில் விளையாட வழி வந்தபின், கொம்பியூட்டரை வைத்து ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஓட்டிப் பார்த்தவர்களும் இந்த உத்தியைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். உன்னுடைய கெட்டித்தனமான திட்டம் இதை வெல்லுமா? வெல்லாவிட்டால் அது திட்டமே இல்லை. அதிலே ஒரேயொரு கம்மாலையைச் சேர்த்தால் வெறும் 'பிக் மணி'யை அது நன்றாகவே வெல்லும் என்பதும் இப்படித்தான் உறுதியானது. பத்து செயல் அட்டை செய்யாததை ஒன்று செய்தது.

அடுத்த பாடம் சிற்றாலயம். விலை 2 காசு. அது காசும் தராது, புள்ளியும் தராது. கையில் உள்ள அட்டைகளில் நாலு வரை ஆட்டத்தில் இருந்தே அகற்ற விடும், அவ்வளவுதான். முதலில் பார்க்கிறவர்கள் 'இருக்கிறதையும் ஏன் எறிவான்?' என்றுதான் கேட்பார்கள். கணக்குப் போட்டால் விளங்கும். 5 அட்டையில் 8 காசு வரவேண்டும் என்றால் ஒரு அட்டைக்குச் சராசரி 1.6 தேவை. தொடக்கக் கட்டின் சராசரி 0.7 தான். செம்பின் பெறுமதி 1, காணிக்குப் பூச்சியம். அதாவது, காசு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த செம்பே எங்களைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அதை அகற்றினால் மிச்சம் இருக்கிற பொன் அடிக்கடி கைக்கு வரும்.

இது எவ்வளவு தாமதமாக விளங்கியது என்பதற்குச் சாட்சி ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. முதல் பதிப்பில் 'திருடன்' என்றொரு அட்டை. எதிராளியின் கட்டில் மேலே உள்ள இரண்டு அட்டையைத் திறந்து, அதில் காசு அட்டை இருந்தால் ஒன்றை அகற்ற வைக்கும். விரும்பினால் அதை எங்களுக்கே எடுத்துக்கொள்ளலாம். கேட்கப் பயங்கரமான தாக்குதல். ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலும் அகப்படுவது செம்புதான். திருடன் எதிராளியின் குப்பையைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போவான்! 2016 இல் வந்த இரண்டாம் பதிப்பில் திருடன் உட்பட 6 அட்டைகள் நீக்கப்பட்டன. புதிதாக வந்த 'கொள்ளைக்காரன்' செம்பைத் தொடுவதே இல்லை. ஆடியவர்கள் கற்ற பாடம் அட்டையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் எறிய வெளிக்கிடவும் கூடாது. அளவுக்கு மிஞ்சி அகற்றிவிட்டு, வாங்கக் காசில்லாமல் வெறுங்கையோடு முழித்த அனுபவம் எங்களுக்கும் உண்டு. கட்டில் உள்ள ஒவ்வொரு பத்து அட்டைக்கும் ஒரு புள்ளி தரும் 'தோட்டம்' மேசையில் இருந்தால், கொழுத்த கட்டே வெல்லவும் கூடும். எந்த உத்தி சரி என்பது அன்றைக்கு மேசையில் இருக்கும் பத்துக் குவியல்களைப் பொறுத்தது. இன்னொரு சிக்கலும் இருக்கு: மாகாணம் வெற்றிக்குத் தேவை, ஆனால் கைக்கு வந்தால் அது செத்த அட்டை. வெல்ல வெல்லக் கட்டு பலவீனமாகும். ஆகவே எப்போது கட்டுவதை நிறுத்தி எப்போது புள்ளி சேர்க்கத் தொடங்குவது என்பதுதான் கடைசிவரை கடினமான கேள்வி.

2017 இல் முன்னோட்டமாக வெளிவந்து 2019 இல் முழுமையடைந்த 'ஸ்லே த ஸ்பையர்' என்ற கொம்பியூட்டர் விளையாட்டும் இதே பாடத்தில்தான் நிற்கிறது. அதன் முதல் வீரனும் 10 அட்டையோடுதான் தொடங்குகிறான், ஒவ்வொரு முறையும் 5 எடுக்கிறான். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் புது அட்டை தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் விடுகிறார்கள். அந்த 'வேண்டாம்' என்பதை அழுத்தப் பழகும்போதுதான் ஆட்டம் பிடிபடத் தொடங்கும். கடையிலோ காசு கொடுத்து அட்டையை அகற்ற வேண்டும். தொடங்கியபோது காப்பாற்றிய அடிகளையே பின்னால் பணம் கொடுத்து எறிகிறோம்.

எங்களுக்கு இந்தக் கதை ஏன் முக்கியம்? புத்தகம், வகுப்பு, சான்றிதழ், திட்டம் என்று சேர்ப்பதையே முன்னேற்றம் என்று நினைத்துப் பழகியவர்கள் நாங்கள். இந்தக் குழுவின் கூட்டங்களிலும் அது நடக்கிறது: புது யோசனையைச் சேர்க்க எல்லாரும் கை உயர்த்துவோம், பழையதை நிறுத்துவோம் என்று சொல்ல ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். ஆட்டத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் தோற்று, ஏன் தோற்றோம் என்று எண்ணிப் பார்க்கலாம். வெளியே அப்படி எண்ணிப் பார்க்க வருடங்கள் எடுக்கும். அதனால், அடுத்த முறை கட்டை விரித்து வைக்கும்போது இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கோ: இந்தத் திட்டம் சும்மா வெள்ளியும் பொன்னும் வாங்குபவரை வெல்லுமா? கையில் உள்ள செம்பு இன்னும் உதவுதா, இல்லாவிட்டால் பழக்கத்துக்காகத்தான் வைத்திருக்கிறோமா?